நாக்குச் சான்றிதழ்

குன்னத்துகாலில் கனகதாஸ் முதலாளியின் பொடி மில்லில் தரப் பரிசோதனை என்றால் அது மேஸ்திரி ஞானசிகாமணியின் நாக்குதான். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சூளைப் புகையைக் கழுவி அந்தப் பாலுக்குள் ஊதினால், சுண்ணாம்பின் காரம் செத்து மாவாட்டம் வெள்ளைப் பொடி அடியில் படியும். ரப்பர் செருப்பு, பெயின்ட், பல்பொடி என்று எதற்குள்ளும் புகுந்து பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயர் மட்டும் அடுத்தவனுக்கு. காரம் செத்ததா என்று சிகாமணி ஒரு துளியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடித் தலையாட்டுவார். பதினெட்டு வருடத்தில் அந்தத் தலை ஒருமுறைகூட வேண்டாமென்று ஆடியதில்லை. எப்படி ஆடும் பின்னே? விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெற்றிலை மென்று, சுண்ணாம்பில் காய்த்துப்போன நாக்கு. வெற்றிலை போடுகிறவனுக்குத்தானே சுண்ணாம்பைத் தெரியும் என்பது முதலாளியின் கட்சி.

தொண்ணூற்று நான்கில் நெய்யாற்றின்கரைப் பல்பொடிக் கம்பெனி ஒன்று கெமிஸ்ட் கையெழுத்து இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டோம் என்றது. அதனால்தான் பி.எஸ்ஸி. முடித்து மூன்று வருடமாக வெள்ளறடையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த லேகாவுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. கூடவே, காரம் இருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் ஒரு குப்பி.

முதல் லோடிலேயே ஒரு சொட்டு விட்டாள். நிறமில்லாத சொட்டு பட்டதும் பால் முழுக்க ரோஸானது.

"காரம் சாகல்ல சார். இன்னும் ஒரு மணிக்கூறு புகை ஊதணும்."

"சிகாமணி செரின்னு சொல்லியாச்சு பிள்ளே," என்றார் கனகதாஸ். "நாளைக்கு கம்பெனிக்காரன் வருவான். நீ கையெழுத்து போட்டா போரும்."

"வாய் வெந்துபோவும் சார். நான் போடமாட்டேன்."

"அப்போ வேற பிள்ள வந்து போடும்."

அன்று பஸ்ஸில் லேகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடம் காத்துக் கிடைத்த வேலை. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் கம்பெனி ஆள் கிருஷ்ணன்குட்டி வந்து காகிதத்தைப் புரட்டினார். "கெமிஸ்ட் ஒப்பிடல்லையே?"

கனகதாசுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கையெழுத்து என்னத்துக்கு? நானே தேச்சுக் காட்டுதேன்."

தொட்டியடியில் படிந்திருந்த பொடியை விரலில் அள்ளிப் பல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் விரல் நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வாங்க வந்தவன் முன்னால் துப்ப முடியுமா? விழுங்கினார்.

"எப்படி உண்டு?" என்றார் கிருஷ்ணன்குட்டி.

முதலாளி வாயைத் திறக்காமல் சிரித்துவிட்டு, பின்பக்கம் சூளைக்கு ஓடி, இன்னும் ஒரு மணிக்கூறு என்று ஆட்களுக்கு ஒரு விரலைக் காட்டினார். அவர்களும் ஊதினார்கள். லேகா மறுபடி சொட்டு விட்டாள். பால் வெள்ளையாகவே நின்றது. கையெழுத்துப் போட்டாள். படித்த படிப்பு ஜெயித்த சந்தோஷத்தில் அவளுக்கு இரண்டு நாள் சோறே இறங்கவில்லை.

திங்கட்கிழமை கனகதாஸ் வீங்கிய உதட்டோடு அவளைக் கூப்பிட்டார். சிகாமணியைச் சாக்கு தைக்க மாற்றியாயிற்று.

"நீ சொன்னதாக்கும் செரி. சிகாமணிக்க நாக்கு மரத்துப்போச்சு. நீ வெத்தில போடமாட்டல்லா?"

"இல்ல சார்."

"நல்லதாப் போச்சு. குப்பி தீந்தா வேற வாங்கணும், நாக்கு தீராதுல்லா?" கரண்டியில் சுண்ணாம்புப் பாலை மொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நாக்க நீட்டு மக்கா."