சாய்ந்த கழுத்து

அந்தத் தொடர் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகள் வரும் வார இதழ் ஒன்றில் தடபுடலாக ஆரம்பித்து, ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காமல் மூச்சை விட்டது. விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளை வைத்திருக்கும் அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தே சொந்தக்காரரின் மனசைச் சொல்லிவிடுவாள். எந்தத் தொடர் பிடிக்கிறதென்று வாசகர்கள் அனுப்பும் வாக்குச் சீட்டுகளில் கடைசி இடத்தை அது யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இதழ்க்காரர்கள் இழுத்து மூடிவிட்டார்கள்.

வரைந்தவர் அதற்கப்புறமும் இரண்டு தொடர்கள் ஆரம்பித்துப் பார்த்தார். அவை இன்னும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தன. வயிறு என்று ஒன்று இருக்கிறதே! சலவை இயந்திரம் வாங்கினால் கூடவே ஒரு கையேடு வருமில்லையா, அதற்குப் படம் போடும் வேலைக்குப் போனார். பொத்தானை அழுத்தும் விரல், மூடியைத் திறக்கும் கை, துணி வெளுத்துவிட்டதென்று சிரிக்கும் பெண். வருஷக்கணக்காக அதே பிழைப்பு.

அப்படி இருந்தவரைத்தான் ஒரு பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பேசிய பதிப்பாசிரியை பள்ளிக்கூட நாளில் அந்தத் தொடரைப் படித்தவளாம். அதைப் புத்தகமாகப் போட வேண்டும், நன்றாகப் போனால் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடரலாம் என்றாள். பழைய இதழ்களில் மசி ஊறிப் படம் கலங்கியிருக்கிறது, அதிலிருந்து அச்சடிக்க முடியாது, அசல் தாள்கள் வேண்டும், அவசரமாக முடித்த கடைசி அத்தியாயத்தை மட்டும் திரும்ப வரைந்தால் போதும் என்றாள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவிக்கு அவரைவிடச் சந்தோஷம். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். கல்யாணத்துக்கு முன்பே, அவர் யாரென்று தெரியாமலே, அந்தத் தொடருக்கு வாராவாரம் வாக்குப் போட்டவள்.

அலமாரிக்கு மேலிருந்து அசல் தாள்கட்டை இறக்கிப் பரப்பியபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை ஓட்டைகள்! எல்லாருக்கும் ஒரே மூக்கு. முக்கால்வாசிக் கட்டங்களில் பின்னணியே கிடையாது. வில்லன் எதற்கு வருகிறான் என்று வில்லனுக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல் கதாநாயகி. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு, கழுத்து சுளுக்கிக்கொண்ட மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது. கெடு நெருங்குகிறதே என்ற பயத்தில் கை நடுங்க வரைந்தது.

கடைசி அத்தியாயத்தை முடித்தார். அதோடு எழுந்திருக்கலாம் இல்லையா? கை ஊறியது. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினார். இந்தத் தொழிலில் திருத்தம் செய்வதென்றால் தனித்தாளில் வரைந்து மேலே ஒட்டுவார்கள். வேண்டாமென்றால் உரித்துவிடலாம். நம்மவருக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? வெள்ளை மையை எடுத்து அசல் மேலேயே பூசி, காய்ந்ததும் புதுசாகக் கோடு போட்டார்.

"ஒரு காப்பியாவது எடுத்து வெச்சுட்டுப் பண்ணக்கூடாதா?" என்று கேட்டாள் மனைவி.

"தப்பை யாராவது பத்திரப்படுத்துவாங்களா? முடிச்சதும் காட்டுறேன், அதுவரைக்கும் பாக்கக் கூடாது, ஆமா!"

ஒரு பக்கம் விடவில்லை. கண்கள் சமமாயின. கழுத்து நிமிர்ந்தது. இத்தனை வருஷம் வீணாகவில்லை, கை தேறியிருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

பதிப்பகத்தில் பதிப்பாசிரியை தாள்களைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"கடைசி அத்தியாயம் மட்டும்தானே சார் சொன்னேன்?"

"எல்லாமே தப்புத் தப்பா இருந்துச்சும்மா. விட மனசு வரல."

"தப்புதான் சார், எனக்கும் தெரியும். வில்லன் வந்தாலே நான் பக்கத்தத் தள்ளிடுவேன். ஆனா இவ கழுத்தச் சாய்ச்சுப் பாத்தா, நாம சொல்லாததெல்லாம் இவ காதுல விழுந்துடுமோன்னு பயமா இருக்கும். வீட்ல யார்கிட்டயும் பேசாத நாள்லகூட இவளத்தான் எடுத்து வெச்சுப் பாத்துட்டு இருப்பேன்." ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தாள். "இப்ப நேரா நின்னு சிரிக்கிறா. மிஷின எப்படி ஓட்டணும்னு சொல்லிக்குடுக்க வந்தவ மாதிரி."

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

"அசல எங்க வெச்சிருக்கீங்க?"

"இதுதாம்மா அசல்."

அவள் தூக்கிப் பிடித்த தாளைக் கீழே வைத்தாள். பிறகு தாள்களை அடுக்கி, மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். "இத என்னால போட முடியாது சார். மன்னிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பிளேடை எடுத்து வெள்ளை மையைச் சுரண்டினார். மை செதில் செதிலாகப் பெயர்ந்தது. அடியிலிருந்த பழைய கோடும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தாளில் இன்னும் மெல்லச் சுரண்டினார். காகிதம் பொத்துக்கொண்டது.

சரி, வரைந்தவன் நான்தானே, திரும்ப வரைந்தால் போச்சு என்று புதுத்தாளை எடுத்தார். கழுத்தைச் சாய்த்தார். அழகாக, அளவாகச் சாய்ந்தது. ஒரு கண்ணைப் பெரிசாகப் போட்டார். வேண்டுமென்றே போட்ட கண் என்று அதுவே சொல்லியது. கிழித்தார். இடது கையால் வரைந்தார். பென்சிலை நுனியில் பிடித்துக்கொண்டு வரைந்தார். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தார். அது கிறுக்கலாயிற்று, அவளாகவில்லை. வலது கைக்கு மாற்றியதும் அவள் பொத்தான் அழுத்த வந்து நின்றுவிட்டாள். அன்று கெடுவுக்குப் பயந்து வரைந்த பையனின் நடுக்கம் இந்தக் கையில் எங்கே தேடியும் இல்லை. மேசையில் தலையை வைத்து அழுதார்.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தாள். தாளும் செதிலுமாக அறை கிடந்த கிடப்பைப் பார்த்துத் திகைத்து, குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். புதுசாக வரைந்ததில் கிழிக்காமல் மேசையில் இருந்த ஒரே தாள் அவள் கண்ணில் பட்டது. எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நல்லாத்தானே வந்திருக்கு," என்றாள், அவர் மனசைத் தேற்றுகிற குரலில். "யாருங்க இந்தப் பொண்ணு?"