வானம் பார்த்த குஞ்சு

குஞ்சின் தலை அதன் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழுத்து பின்னால் வளைந்து, அலகு நேராக வானத்தைப் பார்க்க, அரிசி மூட்டைக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவில் கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தது. எழுந்து ஒரு அடி எடுத்து வைத்தது. பின்பக்கமாகவே குட்டிக்கரணம் அடித்து விழுந்தது.

ஊவா குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வெள்ளைக்கழிச்சல். கழுத்து முறுக்கிடுச்சுல்ல, அவ்வளவுதான். கொண்டுபோய்த் தேங்காமட்டைக் குவியல்ல வீசு, லூ. என் சேவலுக்கு ஒட்டிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ஊவா என்றால் அப்பாவின் அண்ணன். அப்பா தென்பசார் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் அந்த மதில் சுவருக்குள் இருந்த மூன்று வீட்டுக்கும் ஊவா வைத்ததுதான் சட்டம். சாலையோரம் மூங்கில் கூடைகளுக்கு அடியில் அவருடைய சண்டைச் சேவல்கள் வரிசையாக இருந்தன. போகிற வருகிற ஆட்களைப் பார்த்து அவற்றுக்குப் பொழுது போகவேண்டும் என்றுதான் சாலையோரம். அத்தனை கரிசனம்.

வீட்டில் எல்லோரும் 'லூ' என்று கூப்பிடுகிற ருசினி குஞ்சைக் கையில் எடுத்தாள். 'உயிரோடு இருக்கிறதே' என்ற சொல் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் இதே இடத்தில்தான் அடைக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் பள்ளிக்கூடம் போவது நின்றதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் அந்தத் தொண்டைதான்.

மட்டைக் குவியல் வரை போனாள். அங்கே எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. குஞ்சு அவள் விரலைக் கொத்தப் பார்த்தது. அலகு வேறு எங்கோ போயிற்று. பசி! சாகிற குஞ்சுக்குப் பசிக்குமா? சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு நெற்குதிருக்குப் பின்பக்கம் திரும்பி வந்துவிட்டாள்.

நூடுல்ஸ் பெட்டி ஒன்றில் பழைய சரோங்கைக் கிழித்துப் போட்டு, குதிரின் ஓரமாக ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். பிறகு நிதானமாகப் பார்த்தாள்.

வெள்ளைக்கழிச்சலை அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் வந்தபோது பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்து, கூடை கூடையாகச் செத்தன. இந்தக் குஞ்சின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. எச்சம் கெட்டியாக, பழுப்பாக, நுனியில் வெள்ளைத் தொப்பியோடு விழுந்தது. மூக்கில் சளி இல்லை. மூச்சு சீராக இருந்தது. கூடப் பொரித்த ஏழும் தாயோடு வயலோரம் சீய்த்துக்கொண்டு ஜோராகத் திரிந்தன. தொற்று நோய் என்றால் இது ஒன்றை மட்டும் பார்த்துப் பார்த்தா பிடிக்கும்?

இது ஒன்று மட்டும் வேறாக என்ன செய்தது?

கடைசியாகப் பொரித்த குஞ்சு அது. பொரிவதற்குள் தாய் மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதனால் சமையலறையே கதி என்று கிடந்தது. தினமும் சமைத்ததும் அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும் வாசல் மண்ணுக்கும் வாழையிலைத் துண்டில் ஒரு சிட்டிகைச் சோறு வைப்பது ருசினியின் வேலை. அவள் வைத்துக்கொண்டே போவாள். குஞ்சு பின்னாலேயே கொத்திக்கொண்டே வரும். சாமி சாப்பிட்டு மிச்சம் வைத்ததை யார் தின்றால் என்ன என்று எல்லோரும் சிரிப்பார்கள். காலையிலும் வெள்ளைச் சோறு, மாலையிலும் வெள்ளைச் சோறு. பூச்சி இல்லை, புல் இல்லை, தவிடு இல்லை. வீட்டுத் தவிடு முழுக்கச் சேவல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் போன வருஷத்துச் செவலை ஞாபகம் வந்தது. ஊவாவின் செல்லச் சேவல். அதற்கும் இப்படித்தான் கழுத்து பின்னால் போயிற்று. அன்றைக்கு ஊவா தன் மகனைத் தெருவே கேட்கத் திட்டினார். "வெறும் அரிசியாப் போட்டா நரம்பு செத்துடும்டா, மடையா! தவிடு எங்க போச்சு?" தவிட்டை ஊறவைத்து ஊட்டினார். நரம்புக்கான மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தார். செவலையின் கழுத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். செவலை எழுந்து நின்ற அன்று பன்றி வறுவலோடு விருந்து.

ஆக, ஊவாவுக்குத் தெரியும்! இந்த நோயை அவர் பார்த்திருக்கிறார், கையால் தொட்டுக் குணப்படுத்தியிருக்கிறார். சேவலுக்கு வந்தால் நரம்பு, குஞ்சுக்கு வந்தால் கொள்ளைநோய். ருசினிக்குக் காது இரண்டும் சுட்டது.

அந்தச் சூட்டிலேயே போய்க் கேட்டாள். "ஊவா... அது நரம்புதான்னு... போன வருஷம் செவலைக்கு வந்துச்சே... ஒரு மாத்திரை..."

ஊவா ஒரு சேவலின் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் வீசலியா நீ? செவலை யாரு, இது யாரு? பாரு, கோழி டாக்டரம்மா வந்திருக்காங்க, எல்லாரும் வரிசையில நில்லுங்க!"

சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. சேவல் தொட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த தவிட்டைச் சுரண்டினாள். ஊவா சேவல்களுக்காக மாத்திரையை அரையாக உடைக்கும்போது தட்டில் சிந்துகிற தூளை விரலால் ஒற்றி எடுத்தாள். போதவில்லை. டப்பாவிலிருந்தே எடுத்தாள். அவித்த முட்டையின் மஞ்சள் கரு, இடித்த முருங்கைக் கீரை, ஊறிய தவிடு எல்லாவற்றையும் கூழாக்கி, இரண்டு விரலால் தலையை மெல்ல முன்னால் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தாள். தலையை அழுத்தித் திருப்பக் கூடாது என்று கைக்கே தெரிந்தது. ஒருமுறை அவசரத்தில் தண்ணீரை வாய்க்குள்ளேயே விட்டுவிட்டாள். மூக்கு வழியாக வந்து குஞ்சு நீலம் பாரித்துப் போயிற்று. தலைகீழாகப் பிடித்து உதறி, துடைத்து, அது மறுபடி கீச் என்று கத்தும்வரை அவளும் மூச்சு விடவில்லை. துணியை வளையமாகச் சுருட்டி, கழுத்து சாய்ந்துகொள்ளத் தலையணையாக வைத்தாள்.

"போறத விட்டுடேன் லூ," என்றாள் அம்மா. "படையல் ஓலை அத்தனையும் பின்னாம கெடக்கு."

"பின்னிடுவேன் மெமே."

ஊவாவின் மகன் அர்ணவா பிலி, தவிடு போடாமல் திட்டு வாங்கிய அதே அண்ணன், குதிர்ப்பக்கம் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பான். "என்ன லூ, மாப்பிள்ளை இன்னும் வானத்தையே பாக்கறாரு? மழை வருமான்னு கேட்டுச் சொல்லு, துணி காயப் போடணும்."

"போ பிலி."

"கோவத்தப் பாரு! கேட்டது ஒரு வானிலை அறிக்கைதான?"

ஆனால் அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒருநாள் பெட்டிக்குள் இரண்டு கறையான் புற்றுக்கட்டி கிடந்தது. யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை.

கழுத்து ஒரு நாளில் இறங்கவில்லை. முதலில் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நேராக நின்றது. பிறகு காலையில் நேராக இருந்து மாலையில் சாய்ந்தது. ஏதாவது அதிர்ந்தால் போதும், நாய் குரைத்தாலோ மூடி விழுந்தாலோ, பழையபடி படக்கென்று பின்னால் மடங்கும். நீவிக் கொடுத்து, இருட்டில் மூடிவைத்து, மறுபடி முதலிலிருந்து. அப்படியே ஒருவழியாகக் குஞ்சு முற்றத்தில் நடக்க ஆரம்பித்தது. புழுதியில் குளித்தது. ருசினி ஓலை பின்ன உட்கார்ந்தால் அவள் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பஞ்சு உதிர்ந்து இறகு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கழுத்தில் சிவப்பு, இறக்கையில் கறுப்பு, மார்பில் வெள்ளை, இடுப்பில் மஞ்சள், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெறித்த ஐந்தாம் நிறம். அந்த நிறக் கோழிக்குப் பிரும்பூன் என்று பெயர்.

ஊவா அப்போது புதிதாகத் தலைவாசல் கட்டிக்கொண்டிருந்தார். வாசல் எழுந்ததும் மண்ணுக்குப் பூதபலி கொடுக்கவேண்டும். அதற்குப் பிரும்பூன்தான் வேண்டும். சந்தையில் அதற்கு வைத்ததுதான் விலை. முற்றத்தைக் கடந்து போனவர் நின்றார். இந்த முறை நன்றாகவே குனிந்தார்.

"அட! நம்ம வீட்டுலயே இருக்கா? இத வச்சுக்கிட்டா நான் ஊரெல்லாம் தேடிட்டிருந்தேன்? சாமியே பாத்து அனுப்பியிருக்கு!"

சாமி அனுப்பியதாம். மட்டைக் குவியலுக்கு அனுப்பியது யார்?

அன்றிலிருந்து வருகிறவர்களையெல்லாம் அழைத்துக் குஞ்சைக் காட்டினார். தவிட்டைத் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். "நல்லாக் கவனி லூ, இறகு உதிரக் கூடாது!" என்று அவளுக்கே பாடம் எடுத்தார். இது கழுத்து ஒடிந்து கிடந்தபோது யாருக்கும் இதன் நிறம் தெரியவில்லை. இப்போது ஆளாளுக்கு உரிமை வந்துவிட்டது. அவள் குணப்படுத்தாமல் விட்டிருந்தால் எறும்பு தின்றிருக்கும், குணப்படுத்தியதால் கத்தி. இது என்ன நியாயம்?

"பலிக்குப் போற உயிர் மேலான பிறப்பா பிறக்கும்," என்றாள் அம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "அழக்கூடாது லூ."

அவள் அழவில்லை. பலியையும் அவள் தப்பென்று நினைக்கவில்லை. ஓலை பின்னுகிறவள் அவள்தானே. "கொடுக்கறியா லூ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. அந்த ஒரு வார்த்தைதான் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

பூதபலிக்கு முந்தைய நாள் கோயில் பூசாரி ஜெரோ மாங்கு படையல்களைச் சரிபார்க்க வந்தார். குஞ்சை வாங்கி மெதுவாகச் சோதித்தார். நகம் பார்த்தார், கண் பார்த்தார், கொண்டை பார்த்தார், இறக்கையை விரித்து மூடினார். அவர் கை இதமாக இருந்ததால் குஞ்சு கண்ணைச் செருகிக்கொண்டது.

"அருமையா இருக்கு. குறை எதுவும் தெரியல."

"என் வளர்ப்பு ஜெரோ," என்றார் ஊவா. "முட்டையிலருந்து வந்த நாள் தொட்டு, கண்ணுக்குள்ள வச்சு வளத்தேன்."

ருசினியின் கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது. தொண்டையில் எப்போதும் அடைக்கிற அந்த இடத்தில் அன்று ஒன்றுமே இல்லை.

"பொய்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அது யார் குரல் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

"பொய் சொல்றீங்க ஊவா. இதத் தேங்காமட்டைக் குவியல்ல வீசச் சொன்னீங்க. வெள்ளைக்கழிச்சல்னீங்க. உங்க செவலைக்கு இதே வந்தப்ப நரம்புன்னு மடியில வச்சுக்கிட்டீங்க. ஒரு மாத்திரை கேட்டேன், ஆளுங்களக் கூட்டி வச்சு சிரிச்சீங்க. நான்தான் வளத்தேன். உங்க டப்பாவுல இருந்து மாத்திரையத் திருடித்தான் வளத்தேன்!"

"என்னடி சொன்ன?" ஊவாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "திருட்டுக் கழுத! என் வீட்டுல நின்னுக்கிட்டு, என்னையே..." காலுக்கு எட்டிய சேவல் கூடையை ஓங்கி உதைத்தார். அது உருண்டு, உள்ளே இருந்த சேவல் அலறி, தகரத் தொட்டி கல்லில் மோதிக் கணகணவென்று சுழன்றது.

ஜெரோ மாங்குவின் கையில் குஞ்சு ஒரு துடி துடித்தது. கழுத்து படக்கென்று பின்னால் மடங்கி, தலை முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. அலகு வானத்தைப் பார்த்தது.

தொட்டி சுற்றி ஓய்ந்தது.

"ஓ," என்றார் ஜெரோ மாங்கு. குஞ்சைத் திருப்பிப் பார்த்தார். "இது ஆகாது. குறையுள்ளத மண்ணுக்கு வைக்க முடியாது. வேற பாருங்க."

"இல்ல ஜெரோ, இப்ப வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு, நீங்களே பாத்தீங்களே..."

"நீங்க போட்ட சத்தத்துல எனக்கே கழுத்து திரும்பிடுச்சு. அது குஞ்சு, பாவம்." குஞ்சை ருசினியின் இரண்டு கையிலும் வைத்தார். "நோய் தெரிஞ்சவ நீதான? பாத்துக்க."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. இத்தனை நாள் சொட்டுச் சொட்டாக நிமிர்த்திய கழுத்து ஒரே உதையில் போய்விட்டது. நன்றாக இருந்தால் சாகவேண்டும், பிழைக்க வேண்டுமென்றால் நோயோடு இருக்கவேண்டும். இதைச் சட்டமாக வைத்திருக்கிற வீட்டில் அவள் என்னத்தைச் சந்தோஷப்படுவது?

மாலையில் ஊவா எங்கிருந்தோ இன்னொரு பிரும்பூனை வாங்கி வந்தார். கால் கட்டி, வாசல் நிழலில் போட்டிருந்தது. ருசினி அந்தப் பக்கமாகப் போகாமல்தான் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கட்டைத் தளர்த்தி, ஒரு கிண்ணம் தண்ணீரும் தவிடும் வைத்துவிட்டு வந்தாள். இதையும் எந்த வீட்டில் யார் வளர்த்தார்களோ. அவர்களையாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

ஊவா பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மாத்திரை டப்பாவுக்கு மட்டும் புதிதாக ஒரு பூட்டு வந்தது.

குதிருக்குப் பின்னால் துணி வளையத்தை மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தபோது அர்ணவா பிலி வந்து குந்தினான். மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான்.

"பூட்டினது அவரு, கடையில பூட்டும் சாவியும் வாங்கிட்டு வந்தது நானு," என்றான். "ஆனா ஒண்ணு லூ. நீ கழுத்த நிமித்திடுவ. அடுத்து மாட்டுக்கொட்டாய் கட்டறாரு அப்பா. மறுபடி பிரும்பூன் வேணும்பாரு. அப்ப என்ன பண்ணுவ?"

ருசினி குஞ்சின் தலையை இரண்டு விரலால் மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். அலகோரத்தில் ஒரு சொட்டு வைத்தாள். அது விழுங்கியது.

"அப்பவும் பேசுவேன்," என்றாள். "அப்பவும் அவரு கத்துவாரில்ல? இது வானத்தப் பாத்துடும்."