அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் தலைநகர் பெர்னில், அரசு அலுவலகம் ஒன்றின் கீழ்த்தளக் காப்பிக்கடை. காலை ஒன்பது மணி இடைவேளை. நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

நான் எழுதிய முதல் வரி: ‘மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பென்று முழங்கிய அந்த ஞாயிறன்று, ஆல்ப்ஸின் பனிச்சிகரங்கள்…’

சிகரங்களுக்கு இதில் வேலையில்லை. வேலை உர்சினா காடுஃபுக்குத்தான். சட்ட வரைவாளர். மக்கள் ஞாயிறன்று நேரடியாக வாக்களித்து எடுத்த முடிவைத் திங்களன்று சட்டமாக எழுத உட்காருகிறவள். இம்முறை முடிவு இது: வீட்டில் நோயாளியைக் கவனிப்பவருக்கு வாரம் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு. ஆதரவு ஐம்பது புள்ளி நான்கு விழுக்காடு. எப்போது முதல்? வாக்குச்சீட்டில் ‘விரைவில்’ என்றிருந்தது.

2

கூர் நகரிலிருந்து தங்கை லதீனா போன் செய்தாள். சலவைக்கடை வேலை. கூடவே அம்மா, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து வெளியே போய்விடுகிற அம்மா. [வயது 78. சரிபார்க்கவேண்டும்.]

“ஜெயிச்சிட்டோம்லக்கா? எப்பருந்து லீவு?”

“வரும்டி.”

“‘வரும்’னு சொன்னா முதலாளி சிரிக்கிறான். இன்னும் ஒருநாள் வரலன்னா வேற ஆள் பாத்துக்குவானாம். தேதி சொல்லு. நீதானே எழுதுற?”

3

முடிவாகாத எதையும் வரைவில் அடைப்புக்குறிக்குள் விடுவது அவர்கள் வழக்கம். சட்டம் நடைமுறைக்கு வரும் ஆண்டின் இடத்தை உர்சினா காலியாக விட்டிருந்தாள். துறைத்தலைவர் புரோனிமனுக்குக் காலியிடம் ஆகாது. அமைச்சர் கண்ணில் அது மட்டும்தான் படும் என்றார். சும்மா ஏதாவது போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். மேசைமேல் அவளுடைய கடவுச்சீட்டு கிடந்தது. அது காலாவதியாகும் ஆண்டைப் போட்டாள்: [2031].

வரைவு கருத்துக்கேட்புக்குப் போனது. கன்டோன் எனப்படும் மாநிலங்களின் இருபத்தாறு அரசுகள், கட்சிகள், சங்கங்கள். நூற்று நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன. முதலாளிகள் சங்கம், 2031 அள்ளித் தெளித்த அவசரக் கோலம், 2035தான் நியாயம் என்றது. தொழிற்சங்கம், போராடிப் பெற்ற 2031-ஐ உயிரே போனாலும் விடமாட்டோம் என்றது. ஒரு பேராசிரியர் 2031-இன் உள்ளார்ந்த தர்க்கத்தைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தார்.

அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

4

உர்சினா சும்மா இருந்திருப்பாளா? எனக்குச் சந்தேகம். ‘அவள் கூட்டத்தில் எழுந்து, மேசையைத் தட்டி…’ என்று எழுதிப் பார்த்தேன். பெர்னில் யாரும் மேசையைத் தட்டுவதில்லை. நடந்ததையே எழுதுகிறேன். ஒன்பது மணிக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“சார், அந்த 2031 நான் சும்மா போட்டது.”

“தெரியும்மா.” புரோனிமன் ரொட்டியைப் பிட்டார். “ஆனா இப்ப அதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் சேந்துட்டாங்க. சும்மா போட்டதுன்னா, முதல் தடவையா ஒத்துமையா வந்து நம்மள அடிப்பாங்க.”

“சரி, அடுத்த வருஷம்னு மாத்தலாமே?”

“அத யாரும் கேக்கலயேம்மா. 2031, 2035. நடுவுல 2033. ரெண்டு பேருக்கும் பாதி பாதி வருத்தம். அதுக்குப் பேருதான் சமரசம்.” சட்டையிலிருந்த துகள்களைத் தட்டிவிட்டு எழுந்தார்.

ஒரு நாடு முடிவெடுத்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நாலு நிமிடம் ஆனது.

5

உர்சினா சொல்வதற்குள் வானொலி முந்திக்கொண்டது. லதீனா மறுபடி கூப்பிட்டாள். அம்மாவை ரயில் நிலையத்தில், வீட்டுச் செருப்போடு கண்டுபிடித்தார்களாம்.

“2033-ஆம். யாருக்கா இந்தக் கணக்கைப் போட்டது?”

உர்சினா ‘குழு’ என்று சொல்ல வாயெடுத்து

[இந்த வாக்கியம் எனக்கு முடியவில்லை. அவளுக்கும்தான்.]

6

கதைக்கு முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவள் உண்மையைச் சொல்லி வேலையை இழக்கிறாள். மற்றதில் லதீனா வேலையை இழக்கிறாள். இரண்டையும் நண்பர்களிடம் காட்டினேன். எழுபத்தெட்டு வயதில் மறதி வருவது சகஜம்தானே என்றார்கள். அந்த எழுபத்தெட்டு நான் சும்மா போட்டது. இனி மாற்றமுடியாது; அதன்மேல் பேச்சு வந்துவிட்டது.

வெள்ளி நண்பகல்வரை வரைவு உர்சினாவின் கையில். 2033-ஐ அழித்துவிட்டாள். போன் அடிக்கிறது, கூர் எண். திரையில் இருப்பது இவ்வளவுதான்:

இச்சட்டம் [          ] ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வரும்.

நீங்கள் நிரப்புங்கள். பென்சிலால்தானே, பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம்.