நாற்பது ஜிபி இடம்

டிஸ்க்கில் விண்டோஸுக்கான இடத்தைச் சுருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள் தங்கை. கட்டிலில் கிடந்த அண்ணனுக்குத் திரையின் முதுகுதான் தெரிந்தது.

“எவ்வளவு இடம் ஒதுக்கினே?”

“நாப்பது ஜிபி.”

“போதும். லினக்ஸ் அதுக்குள்ள ஒடுங்கிக்கும். விண்டோஸ் பக்கம் எதுவும் கலையக் கூடாது. பாப்பாவுக்குப் பேசி வச்சதெல்லாம் அதுலதான் இருக்கு.”

பள்ளிக்குப் போயிருக்கும் மகளுக்காக, மூன்று மாதமாக மூச்சு ஒத்துழைத்த போதெல்லாம் பேசிப் பதிந்திருந்தான். தொண்ணூற்றொரு பதிவுகள். இந்தக் கணினி இனி அவளுக்குத்தான். அதில் விண்டோஸோடு லினக்ஸ் இயங்குதளமும் இருந்தே ஆக வேண்டுமாம், அதுவும் இன்றைக்கே. கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தியவன். சாகக் கிடக்கும்போதும் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பதினோரு வருடத்துக்கு முன் இதே வேலையைத் தங்கையின் கணினியிலும் செய்தான். அவள் கேட்கவேயில்லை. அவள் வெளியே போயிருந்த நேரத்தில், லினக்ஸுக்கு இடம் பண்ணுகிறேன் பேர்வழி என்று டிஸ்க்கையே துடைத்துவிட்டான். நான்கு வருடம் குகை குகையாக அலைந்து பதிந்த வௌவால் ஒலிகள், முடியும் தறுவாயில் இருந்த ஆய்வேடு, எதுவும் மிஞ்சவில்லை. “பேக்கப் எடுக்காதது யார் தப்பு?” என்று சொந்தக்காரர்கள் நடுவில் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். இப்போது அவள் ஒரு பல் மருத்துவரின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள்.

வேலை முடிந்தது. கோப்புறையைத் திறந்து பார்த்தாள். தொண்ணூற்றொன்றும் குந்துமணி குறையாமல் இருந்தன.

“முடிஞ்சுதா?”

“அண்ணா...” குரல் தானாகவே தழுதழுத்தது. அவளுக்கே அது வியப்பாக இருந்தது. “எல்லாம் போயிடுச்சு.”

“எது?”

“பாப்பாவுக்குப் பேசினது. டிஸ்க்கே காலியாக் காட்டுது.”

அவன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை.

“பேக்கப்...”

“நீ எடுத்து வைக்கலையா?”

அந்த முகத்தைப் பார்க்கத்தான் பதினோரு வருடம் காத்திருந்தாள். ஒரு பத்து நிமிடம் வேகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவன் திட்டவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

“மைக்கை எடு. முதல்லேர்ந்து பேசறேன்.”

மேஜை இழுப்பறையில் மைக் இருந்தது. சிக்கிக் கிடந்த வயரை முடிச்சு முடிச்சாக, அவசரமே இல்லாமல் பிரித்தாள். மைக் அவள் கையில் இருக்கும்போதே அவன் தொடங்கிவிட்டான்.

“பாப்பா...”

அடுத்த சொல்லுக்காக அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

“அண்ணா, இருக்குண்ணா. எல்லாம் இருக்கு,” என்றாள். தோளைப் பிடித்து உலுக்கி மறுபடியும் சொன்னாள்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி, சத்தம் கேட்டு ஈரக்கையோடு ஓடிவந்தாள். அழுது ஓய்ந்தபின், அவன் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்:

“கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?”

“தண்ணி கேட்டார், அண்ணி.”

“குடிச்சாரா?”

“குடிச்சார்.”

பள்ளிக்குப் போன் செய்ய அண்ணி கூடத்துக்குப் போனாள். தங்கை சமையலறைக்குள் நுழைந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தாள். பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மீதியைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள்.