இரண்டு ரயிலுக்கு நடுவே

“ஷூ ஒண்ணு,” என்று வாசித்த ஆஸ்பத்திரி எழுத்தர் பேனாவை நிறுத்தினார். “ஒண்ணா, ஜோடியா?”

“இன்னொண்ணு என்கிட்ட இருக்கு சார். படியில கெடந்துச்சு,” என்றான் நெட்டை. பையைத் திறந்து அதை எடுத்து முதல் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தான். எழுத்தர் ‘ஒண்ணு’ என்பதை அடித்துவிட்டு ‘ஒரு ஜோடி’ என்று எழுதினார். அரசாங்கக் காகிதத்தில் தப்பு இருக்கக் கூடாதல்லவா. அவர் காட்டிய இடத்திலெல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டாள். உடலைக் கொடுக்க அரைமணி ஆகும், வெளியே உட்காருங்கள் என்றார்கள்.

நேற்று மதியம் தம்பி இறந்த தகவல் வந்தது. இன்று காலை அவள் இந்தப் பழைய நகரத்தில் வந்து இறங்கினாள். வழி முழுக்க அவள் ஒரே கேள்வியைத்தான் பல்லில் கடித்துக்கொண்டு வந்தாள். தம்பியின் மருந்து எங்கே இருந்தது? மூன்று வயதிலிருந்து அவனுக்கு மூச்சிரைப்பு. அக்காவுக்கோ மருந்துக்கடையில் வேலை. “இன்ஹேலர் எப்பவும் சட்டைப் பையிலயே இருக்கணும், பீரோவுல வெச்சுப் பூட்ட இது என்ன நகையா?” என்று வருகிறவர்களிடம் எல்லாம் பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவள். அந்த வாக்கியத்தைக் கடை முதலாளிகூட அவள் குரலிலேயே சொல்லிக் கிண்டல் செய்வார்.

நெட்டை ஆறாம் வகுப்பிலிருந்து தம்பியோடு ஒட்டிக்கொண்டவன். பள்ளியில் வைத்த பேர் வீட்டிலும் நிலைத்துவிட்டது. அம்மாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தம்பிக்கு ஊர் சுற்றும் புத்தி வந்ததே அவனால்தான் என்பது அம்மாவின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

நடையில் கிடந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்தாள். நெட்டை நின்றுகொண்டே இருந்தான்.

“சொல்லு,” என்றாள்.

“ரெண்டு ரயிலுக்கு நடுவுல ஆறு மணி நேரம் இருந்துச்சுக்கா. சும்மா எதுக்கு உட்காரணும், கோட்டையைப் பார்த்துட்டு வந்துடலாம்னான். பூட்டில்லாத பையை ஸ்டேஷன்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க. தூக்கிட்டே போனோம். அங்க மணிக்கூண்டுக்குள்ள பையோட விடலை. சரி, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஏறலாம்னு அவன் முதல்ல போனான். நான் கீழ ரெண்டு பையையும் காவல் காத்துட்டு உட்கார்ந்திருந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம் இருக்கும். போட்டோ எடுத்துத் தள்றான் போலன்னு திட்டிட்டே இருந்தேன். போன் அடிச்சா போகல, சுவரு அவ்வளவு தடிமன். அப்புறம் இறங்கி வந்தவங்க, யாரோ பையன் படியில சாஞ்சு கெடக்கறான்னாங்க. ஓடினேன்க்கா. உள்ள ஒரே புறா எச்சமும் தூசியும்…”

“மருந்து?”

நெட்டை தோளில் கிடந்த தன் பையை இறக்கி, பக்கவாட்டு ஜிப்பை அவள் பக்கம் திருப்பினான்.

அக்கா ஜிப்பை இழுத்தாள். சின்ன பிளாஸ்டிக் உறையில் நீல நிற இன்ஹேலர். உறைமேல் கடையின் லேபிள். ‘இரண்டு முறை. அவசரத்துக்கு மட்டும்.’ கீழே இரண்டு கோடுகள். அவளுடைய கையெழுத்து.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிளம்பிய அன்று கூடத்தில் இரண்டு பேரும் பைகளை எடைமெஷினில் வைத்து, உன்னுது கனம், என்னுது கனம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி இன்ஹேலரைச் சட்டைப் பையில்தான் போட்டிருந்தான். அவள்தான் அதைப் பிடுங்கினாள். “வருஷத்துல மூணு தொலைச்சாச்சு. கழுத்துல ஒட்டியிருக்கறதால உன் தலை தப்பிச்சுது,” என்று சொல்லி, நெட்டையின் பைக்குள் வைத்து, தானே ஜிப்பை இழுத்துவிட்டாள். “அவன்கிட்டயே இருக்கட்டுமேக்கா,” என்றான் நெட்டை. “உன்னைக் கேட்டேனா? சொன்னதைச் செய்,” என்றாள் அவள். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

நெட்டை இதை டாக்டரிடம் சொல்லவில்லை, போலீஸிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. ‘நீங்கதானேக்கா வெச்சீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவனை அறைந்துவிட்டு அவளால் ஓவென்று அழ முடிந்திருக்கும்.

போன் அடித்தது. அம்மா.

“பார்த்தியாடி? எப்படி இருக்கான்?” செத்தவனைக் கேட்கிற கேள்வியா இது. பெற்றவளுக்கு வேறு எப்படிக் கேட்க வரும்?

“தூங்கற மாதிரி இருக்கான்மா.”

“மருந்து அவன்கிட்ட இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

அக்கா நெட்டையைப் பார்த்தாள். அவன் குனிந்து பையின் வாரை இழுத்துக்கொண்டிருந்தான்.

“இல்லம்மா. நெட்டை பையில இருந்துச்சு.”

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அடுத்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா இடம் கொடுக்கவில்லை.

“எனக்குத் தெரியும்டி! கூடவே இருந்து குழி பறிச்சுட்டான் பாவி. எம்புள்ள மூச்சைப் பைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுக் கீழ உட்கார்ந்திருந்தானா? அந்த மூஞ்சி என் வாசப்படி மிதிக்கக் கூடாது. சொல்லிடு!”

உயரமான கூரை. அம்மாவின் குரல் நடை முழுக்கக் கேட்டது. “சரிம்மா,” என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பழைய காலத்து வளைவு ஒன்று இருந்தது. உடலை ஏற்றிப்போக வந்த வண்டியின் கூரை அதில் இடிக்கும். “ஒரு கல்லு பேந்தாலும் என்னை உள்ள வெச்சிருவாங்கம்மா,” என்று டிரைவர் வெளியிலேயே நிறுத்தியிருந்தார். ஸ்ட்ரெச்சரை ஒரு முனையில் அவரும் மறுமுனையில் நெட்டையும் தூக்கிக்கொண்டார்கள். வளைவின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டி பேச்சை நிறுத்தி, தன் சுற்றுலாக் கூட்டத்தைச் சுவரோரம் ஒதுக்கினார். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். “மெதுவா… மெதுவா…” என்று சொல்லிக்கொண்டே நெட்டை நடந்தான்.

கதவைச் சாத்தியதும் டிரைவர் நெட்டையிடம், “முன்னால ஏறிக்க தம்பி, மூணு பேர் உட்காரலாம்,” என்றார்.

நெட்டை ஏறவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள், “சாப்பிட்டியா?” என்றாள்.

“சாப்பிட்டேன்க்கா.” சாப்பிடாத முகம் அது. தம்பியின் பையை அவள் காலடியில் வைத்துவிட்டு, “நீங்க போங்கக்கா. நான் ரயில்ல வந்துடறேன்,” என்றான்.

அவள் தடுக்கவில்லை.

சந்து குறுகல். வண்டி ரிவர்ஸிலேயேதான் போயாக வேண்டும். நெட்டை பின்னால் போய் நின்று கையைக் காட்டினான். “வரலாம்… வரலாம்… கொஞ்சம் இடது பக்கம்… போதும்.” பெரிய தெரு வந்ததும் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி ஒதுங்கினான்.

“நல்ல பையனா இருக்கானே,” என்றார் டிரைவர், கியரை மாற்றிக்கொண்டே. “யாரும்மா, சொந்தமா?”

“இல்ல. கூட வந்தவன்,” என்றாள் அக்கா. ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினாள். பாதியில் அது சிக்கிக்கொண்டது.