தியேட்டர், நூறு மீட்டருக்குள் பெட்ரோல் பங்க்

என் வேலையைக் கண்டாலே மாமியாருக்கு இளக்காரம். "ஊர்ல எது எங்க இருக்குன்னு மேப்ல குறிக்கிறதுக்குச் சம்பளமா? என்னைக் கேட்டா சும்மாவே சொல்லுவேனே" என்பார். முப்பது வருடம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். எதற்கும் பதில் தயாராக வைத்திருப்பார். ஒரு வருடமாக ஞாபகம்தான் அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஆபீசில் இருந்தபோது போன் செய்தார்.

"தியேட்டர் வாசல்ல நிக்கிறேன்மா. மேட்னிக்கு கவுன்ட்டர் திறக்கணும், வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கிறான். வெயில் மண்டையைப் பொளக்குது."

"அத்தை, பக்கத்துல என்ன இருக்கு?"

"எதிர்ல பெட்ரோல் பங்க். கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கூடம். நீ வந்து அவன்கிட்ட சொல்லு."

போன் நின்றுவிட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

தேடுவதுதான் என் தொழிலாயிற்றே. தியேட்டர், நூறு மீட்டருக்குள் பெட்ரோல் பங்க், இருநூறு மீட்டருக்குள் பள்ளிக்கூடம் என்று மேப்பில் தேடக் கொடுத்தேன். ஒரே ஒரு புள்ளி வந்தது, ஊரின் தென்கோடியில். பஸ் ஏறிப் போய்விட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புள்ளியைக் கணவருக்கு அனுப்பி, "கண்டுபிடிச்சுட்டேன், உடனே போங்க" என்றேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் எதையும் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். "இங்க அம்மா இல்ல. என்னதான் சொன்னாங்க?"

"கவுன்ட்டர் திறக்கணும்னு."

"அது அவங்க வேலை பார்த்த தியேட்டர், நம்ம வீட்டுல இருந்து பத்து நிமிஷ நடை. இடிச்சு அபார்ட்மென்ட் கட்டிட்டாங்களே."

இல்லாத இடங்களை மேப்பிலிருந்து நீக்குவதும் என் வேலைதான். நீக்கியவற்றின் பட்டியலைத் திறந்தேன். இருந்தது: தியேட்டர், பங்க்கிலிருந்து அறுபது மீட்டர். நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். அது அத்தையின் தியேட்டர் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடத்தில், எந்தத் தியேட்டர் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை அபார்ட்மென்ட் கேட்டுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. தொட்டதும் தெரிந்துவிட்டது.

"தூங்குறாங்கன்னு நெனச்சேன்மா" என்றார் வாட்ச்மேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அத்தையின் பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், முதல் காரியமாகத் தியேட்டரை மறுபடி மேப்பில் ஏற்றினேன். சாயங்காலம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"இடிச்ச இடத்தை ஏன் திரும்பப் போட்டீங்க?"

"அங்க எங்க அத்தை நிக்கிறாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து அவரே அதை நீக்கினார். நீக்கியவர் என்ற இடத்தில் இந்த முறை அவர் பெயர் வந்தது.