ரொட்டி வேன் எஞ்சின்

"அதைப் பிரிச்சு என்ன பண்ணப் போறே? செத்த எஞ்சின். பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிட்டு அடுத்த வேலையைப் பாரு."

"செத்ததுதான் அக்கா. எதனால செத்துச்சுன்னு பாக்க வேண்டாமா?"

"பாத்து? எழுப்பி உக்கார வைக்கப் போறியா?"

"இதை இல்ல. இன்னொருத்தரை எழுப்பி நிக்க வைக்கப் போறேன்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மேஜையில் நகர்த்தி வைத்தாள்.

"உன் அத்தானை இதுல இழுக்காதே."

"நான் யாரையும் சொல்லலையே. நீதான் சொல்றே."

அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். பட்டறைக் கதவைச் சாத்தவில்லை. அது அவள் கோபத்தின் அளவு.

தங்கையை ஊரில் யாரும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. குறடு. பிடித்தால் விடமாட்டாள் என்று பத்து வயதில் யாரோ வைத்தது, நாற்பத்து மூன்று வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளும் அதற்கு உண்மையாக நடந்துகொண்டாள்.

பட்டறையின் நடுவில் அந்த எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பறிகொடுத்த கார் பக்கத்தில் வாயைப் பிளந்து நின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, மூக்கு நீண்ட பந்தயக் கார். ஒரு காலத்தில் கரும்பச்சை. இப்போது துரு எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தரைத்தகட்டில் விரலை வைத்து அழுத்தினால் விரல் அந்தப் பக்கம் போய்விடும். டிரைவர் சீட்டுக்குள் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன.

"பேரன் பேத்தி எடுத்திருக்கும்போல," என்றார் டிங்கர், சீட்டைக் கிழித்துப் பார்த்து. தகடு தட்டுவதிலும் பேசுவதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குறடின் பட்டறைக்கு ஆட்கள் வராமல் போன பிறகும் வந்துகொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

ஆட்கள் ஏன் வராமல் போனார்கள் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அது பதினோரு வருடத்துக்கு முந்தையது.

அப்போது இந்தப் பட்டறை அவளுக்கும் அத்தானுக்கும் பொது. கார் ஒரு பல் டாக்டருடையது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மலைப் பந்தயத்துக்கு இருவரும் சேர்ந்துதான் அதைத் தயார் செய்தார்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட வேண்டும். மூன்றாவது வளைவில் டாக்டரின் எஞ்சின் இறுகிப் பூட்டிக்கொண்டது. கார் சுழன்று போய்ச் சுவரில் மோதி, டாக்டரின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரித்த பந்தயச் சங்கத்தாரிடம் அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சொல்லவே கஷ்டமா இருக்கு. ஆயில் போல்ட்டை என் மச்சினிச்சிதான் முடுக்கினா. சரியா முடுக்கல. வழியெல்லாம் ஆயில் ஒழுகிப்போச்சு."

ரேடியேட்டர் உடைந்து சாலையில் கொட்டிய கறுப்புத் தண்ணீரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆயில் என்று நம்ப அது போதுமானதாக இருந்தது. டாக்டர் காரை வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் போட்டுப் பூட்டினார். சாகும்வரை யாரையும் தொட விடவில்லை. அத்தான் சாலையின் எதிர்ப்பக்கம் கண்ணாடி போட்ட பெரிய பட்டறை திறந்தார். தவறை மறைக்காமல் சொன்ன நேர்மைக்காகச் சங்கம் அவரைத் தலைமைப் பரிசோதகராக்கியது. அதற்குப் பின் மலையேறும் எந்தக் காரும் அவர் கையெழுத்து இல்லாமல் ஏற முடியாது.

குறடு புல் வெட்டும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், தையல் மெஷின் என்று கிடைத்ததைப் பழுது பார்த்துக் காலத்தை ஓட்டினாள். ஊர் பேசியதை அவள் தாங்கிக்கொண்டாள். அவளைத் தின்றது வேறு. முடுக்கினோமா? கண்ணை மூடினால் கை அந்தப் போல்ட்டைச் சுற்றுவது தெரிந்தது. ஆனால் ஆயிரம் போல்ட்டை முடுக்கிய கை, எந்த நினைவையும் எடுத்துக் காட்டிவிடும். பதினோரு வருடமாக எதை முடுக்கினாலும் மூன்று தடவை திரும்பி வந்து தொட்டுப் பார்த்தாள். தன் கையையே சந்தேகப்பட வைத்தவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் மன்னிக்க வேண்டியது யாரை என்பதும் தெரியவில்லை.

டாக்டர் இறந்ததும் அவர் மகள், "இந்தக் குப்பையை யாராவது எடுத்துட்டுப் போனா போதும்" என்றாள். மறுநாள் காலை குறடு இழுவை வண்டியோடு வாசலில் நின்றாள்.

இப்போது அந்த எஞ்சினைத் தாங்கியில் இறக்கி வைத்துவிட்டு, அதன் அடியில் குனியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தாயே, பிரதட்சணமா பண்றே?" என்றார் டிங்கர். "குனிஞ்சு பாரு. போல்ட் இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல."

"யோவ், நீ பாத்துச் சொல்லேன்."

"நான் பாத்தா நாளைக்கு என் கண்ணையும் சந்தேகப்படுவே."

குனிந்தாள். ஆயில் தொட்டியின் அடியில் போல்ட் இருந்தது. இறுகியிருந்தது. கழன்றுவிடாமல் அதன் தலையில் ஒரு கம்பி கோத்து, இரட்டையாக முறுக்கி, தொட்டியிலேயே இருந்த கொக்கியில் கட்டியிருந்தது. மலையேறும் கார்களுக்கு அவர்கள் எப்போதும் செய்வது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிங்கர் விளக்கை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியை வெட்டக் கட்டரை எடுத்தவள், அதன் வாயைக் கம்பியில் வைத்தபடி நின்றுவிட்டாள்.

"என்ன?"

"இது என் முறுக்கு இல்ல."

குறடு இடதுகைக்காரி. அவள் முறுக்கும் கம்பி இடப்பக்கமாகச் சுற்றி ஏறும். இது வலப்பக்கமாக ஏறியிருந்தது. அந்தப் பட்டறையில் அப்போது கம்பி முறுக்கியவர்கள் இரண்டே பேர்.

அவள் கம்பியை வெட்டவில்லை. மேல்வாய் வழியாகக் குழாயை விட்டுக் கைப்பம்பால் ஆயிலை உறிஞ்சி எடுத்தாள். கறுத்துத் தடித்த ஆயில் வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கெட் நிறைந்தது. ஒழுகிப்போனதாகச் சொன்ன ஆயில், ஒரு சொட்டுகூட எங்கேயும் போகவில்லை. பிறகு தொட்டியைக் கழற்றினாள். உள்ளே ஆயிலை உறிஞ்சும் வாயில் இருந்த சல்லடையைச் சாம்பல்நிறப் பசை அடைத்திருந்தது. ஓரமெல்லாம் அதே பசை பிதுங்கி, உரிந்து, புழு புழுவாகத் தொங்கியது.

தொட்டி விளிம்பில் கசிவை அடைக்கப் பூசும் பசை அது, எறும்பு அகலம் போதும். அத்தான் எப்போதும் சுவர் பூசுகிற மாதிரி அப்புவார். அதற்காகவே அவரை அவள் கொத்தனார் என்று கேலி செய்வது வழக்கம்.

நடந்தது இப்போது கண்ணாடி போலத் தெரிந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் அவள் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு, ஏதோ சின்னக் கசிவைப் பார்த்து அவர் தொட்டியை இறக்கியிருக்கிறார். பசையை அப்பி, மாட்டி, ஆயில் ஊற்றி, கம்பியை முறுக்கியிருக்கிறார். அவளிடம் சொல்லவில்லை. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து போய்ச் சல்லடையில் அடைத்துக்கொள்ள, ஆயில் ஏறாமல் எஞ்சின் இறுகிவிட்டது. தவறு யாருக்கும் வரும். ஆனால் மறுநாள் சங்கத்தார் முன் தலையைக் குனிந்து நின்றபோது, கடைசியாகத் தொட்டது யார் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். தொட்டி மேஜையில் இருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பந்தயத்துக்கு முந்தின நாள் அத்தான் சட்டையில என்ன கறை இருந்துச்சு?"

"பதினோரு வருஷத்துக்கு முந்தி போட்ட சட்டையை யார் ஞாபகம் வச்சிருப்பா?"

"நீ வச்சிருப்பே."

அக்கா மேஜையில் இருந்த தொட்டியின் பக்கம் திரும்பினாள்.

"சாம்பல் கலர்," என்றாள் கடைசியில். "எவ்வளவு துவைச்சும் போகல. தரை துடைக்கிற துணியாக்கிட்டேன்."

"பதினோரு வருஷம் தெரிஞ்சுகிட்டே எனக்குச் சோறு கொண்டுவந்தியே அக்கா."

"எனக்குப் புருஷன்டி."

"எனக்கு நீ யாரு?"

குறடு அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. எழுந்து போய்க் காரின் துரு தேய்க்கும் இயந்திரத்தை ஓட விட்டாள். துருவிலிருந்து பொறி பறந்து அக்காவின் காலடிவரை வந்து அணைந்தது.

அன்றிலிருந்து வேலை பேய்வேகம் பிடித்தது. பழைய எஞ்சின் இனி ஓடாது. அதன் இடத்தில் வைக்க அவளிடம் இருந்தது, லாரியில் அடிபட்டு நசுங்கிய ரொட்டி வேனின் எஞ்சின்.

"பந்தயக் காருக்கு ரொட்டி வேன் எஞ்சினா?" டிங்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேல போயி ஜெயிச்சுட்டு, இறங்கும்போது அப்படியே வீடு வீடா ரொட்டி போட்டுட்டு வந்துடலாம்."

"சிரி. இது விடிஞ்சா எழுந்து நாலு ஊருக்குச் சுமை இழுத்த எஞ்சின். மலையைப் பாத்து மூச்சு வாங்காது."

புது எஞ்சின் பழைய கியர்பெட்டியோடு பொருந்தவில்லை. அட்டையை வைத்து, கிரீஸ் தடவிய விரலால் ஒவ்வொரு துளையையும் அழுத்தி அச்செடுத்து, லேத்காரரிடம் கொடுத்து இடையில் ஒரு தகடு வெட்டி வாங்கினாள். எஞ்சின் உயரம் அதிகம், மூடி மூடவில்லை. அதன் ஆயில் தொட்டியை அறுத்து ஆழத்தைக் குறைத்து, மறுபடி பற்றவைத்து ஒட்டினாள். டிங்கர் தரைத்தகட்டை முழுக்க மாற்றினார். துருவை எடுத்துப்போட்டால் காரே இருக்காதோ என்று ஒரு கட்டத்தில் இருவருக்கும் பயம் வந்தது.

வேலை செய்யும்போதெல்லாம் அத்தானிடம் சொல்ல வேண்டியதை அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். துருவைச் சுரண்டியபோது அது ஒரு நீண்ட பிரசங்கமாக இருந்தது. அதில் அவர் அழுதார், ஊரே காறித் துப்பியது. எஞ்சினை இறக்கிப் பொருத்தியபோது பத்து வாக்கியமாகச் சுருங்கியது. பிரேக் போட்டு முடித்தபோது மூன்று. முதல் முறை எஞ்சின் உறுமி, பட்டறைக் கண்ணாடிகள் கடகடத்த அன்று, ஒன்றே ஒன்று மிஞ்சியது: இந்தக் கம்பியை முறுக்கினது யாரு? எல்லோர் முன்னாலும் அதைக் கேட்க வேண்டும். பதில்கூட வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் வாய்க்குள் இனிப்பு போலக் கரையாமல் கிடந்தது.

பந்தய நாள் காலையில் மலையடிவாரத்தில் முப்பது கார்கள் வரிசையில் நின்றன. கரும்பச்சைக் கார் உள்ளே வந்ததும் பேச்சு ஒவ்வொரு இடமாக அணைந்தது. அதை அடையாளம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. அவளையும்தான்.

பக்கத்து சீட்டில் பழைய ஆயில் தொட்டி துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தது. போல்ட், கம்பி, பசை, சல்லடை எல்லாம் இருந்தது இருந்தபடி.

அத்தான் வெள்ளைக் கோட்டோடு வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. சங்கத் தலைவர் பின்னாலேயே வந்தார். தூரத்தில் பதிவு மேஜையருகே அக்கா நின்றாள். அருகில் வரவில்லை.

"எஞ்சின் எதுல இருந்து எடுத்தது?" என்று கேட்டார் அத்தான், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

"ரொட்டி வேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

"கீழே பாக்கணும்."

"பாருங்க அத்தான். நல்லா பாருங்க. அவசரமே இல்ல."

பலகையில் மல்லாந்து படுத்துக் காருக்கடியில் போனார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. டார்ச் வெளிச்சம் ஸ்டியரிங் தண்டில் போயிற்று, பிரேக் குழாயில் போயிற்று, ஆயில் தொட்டியில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

"உள்ளயே தூங்கிட்டாரா?" என்றான் பின்னால் இருந்த ஒரு ஓட்டுநர்.

"நேர்மையானவர், நேரமாகத்தான் செய்யும்," என்றார் டிங்கர் எல்லோருக்கும் கேட்கும்படி.

குறடு துண்டின் நுனியைப் பிடித்தாள். சங்கத் தலைவர் நாலடி தூரத்தில் நின்றார். இதைவிட நல்ல நேரம் இனி வராது. அப்போது கீழிருந்து அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரல் வந்தது.

"கொஞ்சம் குனி."

ஒரு கையால் துண்டைப் பிடித்தபடியே கதவோரம் குனிந்தாள். அச்சுக்கும் தரைக்கும் நடுவில் அத்தானின் முகம் தெரிந்தது. தாடையில் கிரீஸ் பட்டிருந்தது.

"வேலையில ஒரு குத்தம் இல்ல. கையெழுத்து போட்டுடறேன்."

"போட்டுத்தான் ஆகணும்."

"சீட்டுல நீ என்ன வச்சிருக்கேன்னு தெரியும். உங்கக்கா முந்தாநாள் சொல்லிட்டா."

"தெரிஞ்சும் வந்தீங்களா?"

"வராம எங்க போறது? எதிர் எதிர்ல இருக்கோம்."

அவர் குரலில் நடுக்கம் இல்லை. முடிவெடுத்துவிட்டவரின் நிதானமும் அப்படித்தான் இருக்கும், தப்பிக்க வழி பார்ப்பவரின் நிதானமும் அப்படித்தான் இருக்கும். சங்கத்தார் முன் தலையைக் குனிந்து நின்ற அன்றும் அவர் குரல் நடுங்கவில்லை. சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தார். குறடின் விரல்கள் துணியில் இறுகின. பதினோரு வருடத்து வாக்கியம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"நீ கேட்டா நான் மாட்டிக்கிட்டவன்," என்றார் அத்தான். "நானா சொன்னா, மிச்ச காலத்துக்கு உங்கக்கா என் முகத்தைப் பாக்கலாம். வெளிய வந்து நானே சொல்றேன்மா. அதுவரைக்கும் அந்தத் துண்டை எடுக்காம இரு."